வீட்டுப் பட்டறையில் ஓர் உளிக்குத் தோய்ச்சல் போடும் முறை

கருவி எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டியதில்லை. எஃகு எந்தச் சூட்டில் இருக்கிறது, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்ற இரண்டையும் சந்தேகமின்றி அறிவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டிற்கும், எஃகின் உள்மணிகள், அதாவது அதற்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள், பருத்து அது பாழாகத் தொடங்கும் சூட்டிற்கும் இடையில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி நூறு டிகிரி செல்சியஸை ஒட்டியதுதான். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத சிறிய உலையில் அந்த இடைவெளிக்குள் எப்படி நிற்பது என்பதையே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக, 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் 200 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு மரவேலை உளியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 235 கிராம் எடை வரும்.

எஃகு வாங்கும்போதே பாதி வெற்றி தீர்மானமாகிவிடுகிறது. நம் ஊர் எஃகுக் கடைகளில் ஓ.எச்.என்.எஸ். என்று கேட்டால் கிடைக்கும் எண்ணெயில் தோயும் எஃகுதான் வீட்டு வேலைக்கு மிகவும் பொறுமையானது. அதில் ஓ1 எனப்படும் வகையில் கார்பன் ஏறத்தாழ 0.9 சதவீதமும், மாங்கனீசு 1 சதவீதத்திற்குச் சற்று மேலும், குரோமியமும் டங்ஸ்டனும் அரை சதவீதம் அளவிலும் இருக்கும். அதே பெயரில் ஓ2 வகையும் விற்கப்படுகிறது. அதில் மாங்கனீசு கூடுதல், தோய்ச்சல் சூடு சற்றுக் குறைவு. ஆகவே எந்த வகை என்று கேட்டு வாங்குவது நல்லது. கீழே தரும் எண்கள் யாவும் ஓ1 வகைக்கு உரியவை. அதே கடையில் பக்கத்து அடுக்கில் இருக்கும் எச்.சி.எச்.சி.ஆர். எனப்படும் கார்பனும் குரோமியமும் மிகுந்த எஃகு விலையிலும் தோற்றத்திலும் ஆசை காட்டும், ஆனால் அதற்கு ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும் என்பதால் அதைத் தொடாமல் வந்துவிடலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் பலர் உண்டு. அரிவாளுக்கு அது தகும். அதில் கார்பன் 0.5, 0.6 சதவீத அளவிலேயே இருப்பதால் நுண்ணிய வாய் வேண்டிய உளிக்கு அது போதாது. என்னவென்று தெரியாத பழைய இரும்பில் பழகினால், தவறு நம் கையிலா இரும்பிலா என்பதே கடைசிவரை விளங்காது.

கடையிலிருந்து வரும் எஃகு ஆற்றப்பட்டு மிருதுவாகவே இருக்கும். அரம், ரம்பம், துளைப்பான் எல்லாம் அதில் எளிதாக ஓடும். துளையிடுதல், அடையாளம் பொறித்தல், கைப்பிடிக்குள் செல்லும் வாலைச் செதுக்குதல் என எல்லா வேலைகளையும் தோய்ச்சலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வாயை மட்டும் கூராக்கிவிடக் கூடாது. சரிவை முக்கால் பங்கு தேய்த்து, நுனியில் 1 மி.மீ. தடிமன் விட்டுவைப்பது வழக்கம். கத்திபோல் மெலிந்த நுனி உலையில் மற்ற பகுதிகளை முந்திக்கொண்டு சூடேறிக் கருகும், எண்ணெயில் இறங்கும்போது முதலில் குளிர்ந்து வளையும் அல்லது விரியும். உள்மூலைகள் கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும் என்பதால், வால் தொடங்கும் இடத்தை உருண்டை அரத்தால் வளைவாக்கிவிட வேண்டும். கிரைண்டர் விட்ட குறுக்குக் கீறல்களையும் உப்புத்தாள் கொண்டு நீளவாக்கில் தேய்த்து நீக்குங்கள். ஒவ்வொரு குறுக்குக் கீறலும் முறியத் தயாராக இருக்கும் ஒரு கோடுதான். இதே எஃகிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு மூன்று துண்டுகளை வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். அவை உடைப்பதற்காகவே வெட்டப்படுபவை.

உலையும் எண்ணெயும்

தெர்மோகப்பிள் என்னும் சூடு அளக்கும் கம்பி பொருத்திய சிறிய மின் உலை இருந்தால் வேலை மிக எளிது. உளியை உள்ளே வைப்பதற்கும் எடுப்பதற்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குறடு கம்பிச் சுருளில் பட்டால் உயிருக்கு ஆபத்து. அது இல்லாதவர்கள் இலேசான இன்சுலேஷன் செங்கற்களை அடுக்கிக் குகைபோல் செய்து அதற்குள் எரிவாயு பர்னரை விடலாம், அல்லது சிறிய ஊதுவிசிறியோடு கரி உலை அமைக்கலாம். சுடர் எஃகின் மேல் நேராகப் படாமல், குகையின் சுவர் பழுத்து அந்த வெம்மையில் எஃகு சூடாக வேண்டும். இதற்காக உள்ளே ஒரு இரும்புக் குழாயைக் கிடத்தி அதற்குள் உளியை வைப்பதுண்டு. துத்தநாகம் பூசிய குழாயாக மட்டும் இருக்கக் கூடாது, அதன் புகை நச்சு. எரிவாயு உலையாயினும் கரி உலையாயினும் கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய அறையில் மூட்டாதீர்கள். கூரை உண்டு, சுவர் இல்லை என்ற வகையிலான இடமே இதற்கு மிகப் பொருத்தம்: காற்றும் வரும், நிழலும் இருக்கும். நிழல் ஏன் வேண்டும் என்பது கீழே விளங்கும்.

எண்ணெய்க்குத் தொழிற்சாலைகளில் தனி வகைகள் உண்டு. கிடைக்காதபோது கடலை எண்ணெய் 6 மி.மீ. தடிமனுள்ள ஓ1 எஃகிற்கு நன்றாகவே உதவும். பயன்படுத்திய இன்ஜின் ஆயிலை இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அதில் கலந்திருப்பவை புகையாகி நம் நுரையீரலுக்கு வரும். அளவில் கஞ்சத்தனம் கூடாது. நம் உளி முழுவதும் 800 டிகிரியில் இருந்து 5 லிட்டர் எண்ணெயில் இறங்கினால் எண்ணெயின் சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் ஏறும். அதே உளியை 1 லிட்டரில் முக்கினால் அறுபது டிகிரி ஏறிவிடும். பாத்திரம் உளியின் நீளத்தைவிட ஆழமான இரும்புப் பாத்திரமாகவும், இறுக மூடும் இரும்பு மூடி உள்ளதாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளி எந்த நிலையிலும் ஆகாது. தீப்பிடித்தால் மூடியால் மூடினாலே அணைந்துவிடும், தண்ணீர் ஊற்றினால் வீட்டையே கொளுத்தியவர் ஆவோம். எண்ணெயின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் அது நீராவியாகிக் கொதிக்கும் எண்ணெயை மேலே வீசும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த எண்ணெயை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

எண்ணெயை 50 முதல் 60 டிகிரி வரை முன்கூட்டியே சூடாக்க வேண்டும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. குளிர்ந்த எண்ணெய்தானே வேகமாகக் குளிர்விக்கும் என்று கேட்பார்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியானது. எஃகைச் சுற்றி எழும் ஆவிப் போர்வையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய அதனால் விரைவில் முடியாது. வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடுவதால் ஆவி விரைவில் கலையும், எஃகு சீராகக் குளிரும். வேறொரு இரும்புத் துண்டைக் காய்ச்சி எண்ணெயில் போட்டாலே இந்தச் சூடு வந்துவிடும், வெப்பமானியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பருத்தி ஆடை, முழுக்கால் சட்டை, தோல் காலணி, தோல் கையுறை, முகக் கவசம் ஆகியவை வேண்டும். நைலான் கலந்த துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். லுங்கியும் ரப்பர் செருப்பும் இந்த ஒரு நாளைக்கு உள்ளேயே இருக்கட்டும்.

சூட்டை அறிதல்

நான் தோய்த்த முதல் உளியைப் பட்டப்பகலில் முற்றத்தில் வைத்துக் காய்ச்சினேன். வெயிலில் எஃகு எவ்வளவு சூடானாலும் மங்கிய செந்நிறமாகவே தெரிந்ததால், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தீயைக் கூட்டிக்கொண்டே போனேன். அந்த உளி அரத்திற்கு நன்றாகவே கடினமாக இருந்தது. தேக்கில் நான்கு அடி விழுந்ததும் வாய் பிஸ்கட் போல உதிர்ந்தது. 900 டிகிரியையும் தாண்டியிருக்க வேண்டும். நிழலில் 800 டிகிரி எஃகு எந்த நிறத்தில் ஒளிர்கிறதோ, வெயிலில் அதே நிறத்தில் தெரிய அதைவிட வெகுவாகச் சூடேற வேண்டும். மாலை மங்கிய பிறகு அல்லது இருண்ட கொட்டகையில் வேலை செய்வதற்கு இதுவே காரணம். நிறத்தை மட்டும் நம்புவது அப்போதும் போதாது.

முதல் துணை காந்தம். ஒரு கம்பியின் நுனியில் சிறிய காந்தத்தைக் கட்டி, சூடேறும் எஃகை இடையிடையே வெளியே இழுத்துத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் காந்தமே தன் வலுவை இழந்துவிடும். தூய இரும்பு 770 டிகிரியில் காந்தத் தன்மையை இழக்கிறது. நம் எஃகில் கார்பன் மிகுதி என்பதால், 740 டிகிரியை ஒட்டி அதன் உள்ளமைப்பே ஆஸ்டெனைட் என்ற வேறு வடிவத்திற்கு மாறும்போது காந்தம் விட்டுப்போகிறது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றவுடன் எண்ணெயில் போட்டுவிடுகிறார்கள். மாற்றம் தொடங்கியிருக்கிறது என்பதைத்தான் காந்தம் சொல்கிறது. கார்பன் போதிய அளவு கரைந்து எங்கும் பரவ இன்னும் 50, 60 டிகிரி ஏற வேண்டும். ஓ1 எஃகிற்கு உரிய சூடு 790 முதல் 815 டிகிரி வரை.

அந்த மேல் எல்லையை அறிய அடுக்களையிலேயே ஒரு நம்பகமான சாட்சி இருக்கிறது. சாதாரண உப்பு 801 டிகிரியில் உருகும். முன்பே வறுத்து ஈரம் போக்கிய உப்புத் தூளைச் சிட்டிகையளவு எடுத்து, சிறிய இரும்புத் தகட்டின் மேல் வைத்து, உளியின் வாய்க்கு அருகில் அதே வெம்மை படும்படி உலைக்குள் வையுங்கள். ஈர உப்பு வெடித்துச் சிதறும் என்பதால்தான் வறுப்பது. உப்பு வெண்மையாகவே கிடக்கும்வரை சூடு போதவில்லை. பளபளவென்று நீராக இளகினால் 801 டிகிரியைத் தொட்டுவிட்டோம், தீயை அதற்கு மேல் கூட்டக் கூடாது. உப்பை நேரே உளியின் மேல் இட வேண்டாம், அரிக்கும்.

இன்னொரு அடையாளம் கண்ணுக்கு இன்பமானது. இருட்டில் மெதுவாகச் சூடேற்றினால், செந்நிறம் பரவிக்கொண்டிருக்கும் எஃகின் மேல் ஒரு கட்டத்தில் மேகத்தின் நிழல் போல ஒரு கருமை ஊர்ந்து செல்வதைக் காணலாம். உள்ளமைப்பு மாறும்போது எஃகு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், சுற்றிலும் சூடேறினாலும் அந்த இடம் சற்று நேரம் பின்தங்கி நிற்கிறது. அதுதான் அந்த நிழல். நிழல் முழுவதும் மறைந்து நிறம் சீரானால் அந்தப் பகுதி மாறிவிட்டது என்று பொருள். எடுத்துவைத்த துண்டுகளில் ஒன்றை நான்கைந்து முறை சூடேற்றியும் ஆறவிட்டும் இதைப் பார்த்துப் பழகுங்கள். ஆறும்போது இதற்கு நேர்மாறாக, மங்கிக்கொண்டிருந்த எஃகு திடீரென ஒரு கணம் பிரகாசிக்கும். ஒருமுறை கண்ட பிறகு கண் அதைத் தவறவிடாது.

உளியில் முன்பகுதி 80 மி.மீ. வரை மட்டும் இந்தச் சூட்டை அடைந்தால் போதும். கைப்பிடிக்குள் செல்லும் வால் மிருதுவாக இருப்பதே நல்லது, கடினமான வால் அடியில் முறியும். முதலில் 650 டிகிரி அளவில், அதாவது இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும்போது, சில நிமிடங்கள் நிறுத்தி உள்ளும் புறமும் சமமாகட்டும். பிறகு மேலே ஏற்றி, உரிய சூடு வந்ததும் மின் உலையில் பத்து நிமிடம் வைத்திருக்கலாம். தீ உலையில் நான்கைந்து நிமிடமாவது உளியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நிறம் ஏறாமலும் இறங்காமலும் காக்க வேண்டும். இந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்துபோகும். வெங்காரமும் கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பொடியும் கலந்து ஸ்பிரிட்டில் குழைத்து, குளிர்ந்த உளியின் மேல் தடவிக் காயவிட்டால் அது உலையில் கண்ணாடிப் படலமாகி எஃகைக் காக்கும். ஸ்பிரிட் பாட்டில் உலைக்கு அருகில் இருக்கக் கூடாது. படலம் இருந்தாலும் தோய்ச்சலுக்குப் பின் 0.2 மி.மீ. வரை தேய்த்து எடுக்க இடம் விட்டிருப்பது விவேகம்.

முக்குதல்

உலையிலிருந்து எண்ணெய்க்கு இரண்டு எட்டு தூரத்திற்கு மேல் இருக்கக் கூடாது; வெறும் குறட்டோடு அந்த நடையை முன்பே ஒத்திகை பாருங்கள். ஓ1 எஃகு எண்ணெயில் குளிர்ந்து கடினமாவதற்குச் சில நொடிகள் அவகாசம் தருகிறது, நீரில் தோயும் எஃகுபோல் ஒரு நொடிக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நெருக்குவதில்லை. அதற்காகக் காற்றில் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாய் கீழாக, உளி செங்குத்தாக, ஒரே வேகத்தில் இறக்குங்கள். சாய்வாக இறங்கினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து உளி வளையும். சிவந்த பகுதி முழுவதும் எண்ணெய்க்குள் போய்விட்டால் தீ எழுவது குறைவு. பாதியில் தயங்கினால்தான் சுடர் பற்றும். உள்ளே போனதும் மேலும் கீழுமாக அசைக்கலாம், பக்கவாட்டில் கலக்கக் கூடாது.

சலசலப்பு அடங்கிப் பத்துப் பதினைந்து நொடி ஆனதும் வெளியே எடுத்துப் பாருங்கள். 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் எஃகு இன்னும் முழுமையாக மார்ட்டென்சைட் என்ற கடினமான வடிவத்திற்கு மாறியிருக்காது. வளைந்திருந்தால் அந்தச் சிறு இடைவேளையில், தோல் கையுறையோடு, வைஸில் இரண்டு அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே அழுத்தி நிமிர்த்திவிடலாம். குளிர்ந்த பிறகு நிமிர்த்த முயன்றால் கண்ணாடிபோல் முறியும். ‘டிங்’ என்று ஒரு மெல்லிய ஓசை கேட்டால் விரிசல் விழுந்துவிட்டது; அந்த உளிக்கு வைத்தியம் இல்லை.

கையால் தொடக்கூடிய சூடு வந்ததும், தேய்ந்திராத அரத்தின் ஓரத்தை உளியின் மூலையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 63 முதல் 65 வரை இருக்கும். முதலில் சிறிது கடித்துப் பிறகு வழுக்கினால் மேல்தோலில் மட்டும் கார்பன் போயிருக்கிறது, கவலை இல்லை. தொடர்ந்து கடித்தால் சூடு போதவில்லை, அல்லது நடை நீண்டுவிட்டது, அல்லது எண்ணெய் போதவில்லை.

அரம் சொல்லாத ஒன்றை உடைத்துப் பார்த்தால்தான் அறிய முடியும். என் முதல் உளியும் அரத்தேர்வில் தேறியதுதானே! ஆகவே உளிக்கு முன்பே, அதே உலையில் அதே முறையில் ஒரு சோதனைத் துண்டைத் தோய்த்து, துணியில் சுற்றி வைஸில் இறுக்கிச் சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், மணி தெரியாமல், பட்டுத் துணிபோல் மங்கலாக இருந்தால் சூடு சரி. ரவைபோல் மணிமணியாக மின்னினால் அளவு மீறிக் காய்ச்சியிருக்கிறோம். அடுத்த துண்டில் சூட்டைக் குறைத்து மறுபடி உடைத்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகே உளியைத் தொடுங்கள். உளியே அப்படி மீறிக் காய்ந்துவிட்டால் காந்தம் விடும் சூட்டிற்குச் சற்று மேல்வரை காய்ச்சி, சிவப்பு முற்றிலும் மறையும்வரை அசையாக் காற்றில் ஆறவிட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்தால் மணிகள் மீண்டும் சிறுத்துவிடும். அதன் பின்னரே மறு தோய்ச்சல். கடினமான எஃகை நேரே மறுபடியும் முக்கினால் விரிசலுக்கு வழிவிடுகிறோம்.

டெம்பரிங்

தோய்த்த உளியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உள்ளே அடைந்திருக்கும் இறுக்கத்தால் இரவில் தானே பிளக்கக்கூடும். எண்ணெயைச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவித் துடைத்தவுடன் டெம்பரிங்கிற்கு, அதாவது மிதமான சூட்டில் வைத்துக் கடினத்தைச் சற்றுக் குறைத்து முறியும் தன்மையைப் போக்கும் பதப்படுத்தலுக்கு, வைத்துவிட வேண்டும்.

ஊர்க் கொல்லர் இதை எப்படிச் செய்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். வாயை மட்டும் முக்கி எடுத்து, கல்லில் தேய்த்து வெண்மையாக்கி, பின்பகுதியில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல முன்னே ஊர்ந்துவர, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வாயை நோக்கி ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி முக்கிவிடுவார். ஒரே வகை இரும்பையும் ஒரே உலையையும் ஆண்டுக்கணக்கில் பார்த்த கண்ணுக்கு அது போதும். ஆனால் அந்த நிறங்கள் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தின் நிறங்கள். சூட்டைப் பொறுத்து மட்டுமல்ல, நேரத்தைப் பொறுத்தும் மாறும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் கிடந்த உளி, அதே சூட்டை ஒரு கணம் தொட்ட உளியைவிட அடர்ந்த நிறம் காட்டும். வீட்டில் செய்பவர்களுக்கு ரொட்டி சுடும் மின் அடுப்பே மேல்.

அந்த அடுப்பின் குமிழில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சூடு ஏறி இறங்கி அலைபாயும். ஒரு தட்டில் மணல் நிரப்பி, உளியை அதில் முழுவதும் புதைத்து, வாய்க்கு அருகில் தனி வெப்பமானியையோ தெர்மோகப்பிளையோ செருகிவிட்டால் மணல் அந்த அலைச்சலைத் தாங்கிக்கொள்ளும், மேலிருக்கும் கம்பியின் வெம்மையும் மெல்லிய வாயை நேரே தாக்காது. 200 டிகிரியில் ஏறத்தாழ 61, 62 என்ற கடினம் நிற்கும். கையால் தள்ளிச் செதுக்கும் உளிக்கு அது தகும். கொட்டாப்புளியால் அடித்து வேலை வாங்கும் உளிக்கு 220 முதல் 230 வரை போய் 60 அளவில் நிறுத்தலாம். மணல் முழுவதும் அந்தச் சூட்டிற்கு வந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், பிறகு வெளியே எடுத்து முற்றிலும் ஆறவிட்டு, மறுபடியும் இரண்டு மணி நேரம். இரண்டாம் முறை வீண் வேலையாகத் தோன்றலாம். முதல் முறை ஆறும்போது, மாறாமல் எஞ்சியிருந்த ஆஸ்டெனைட்டில் ஒரு பகுதி புதிதாக மார்ட்டென்சைட் ஆகிறது. பதப்படாத அந்தப் பகுதியைப் பதப்படுத்தவே இந்த இரண்டாம் சுற்று.

இனிமேல் நம் பகை கிரைண்டர்தான். நான்கு மணி நேரம் காத்துப் பெற்ற பதத்தை, வாயை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தாலே அது போக்கிவிடும். கையுறை இல்லாமல் பிடித்து, விரலுக்குச் சூடு உறைக்கும் முன்பே தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். வாயில் நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடம் 300 டிகிரியை ஒட்டிப் போய்வந்துவிட்டது. நீலத்தை உப்புத்தாளால் துடைத்து மறைப்பதில் பயனில்லை, அந்தப் பகுதி தீரும்வரை தேய்த்துக் கழிக்க வேண்டும். கடைசி அரை மில்லிமீட்டரை கல்லிலேயே தீட்டி எடுப்பது நேரம் பிடித்தாலும் பாதுகாப்பானது.

தீட்டிய உளியைத் தேக்குக் கட்டையின் குறுக்கு முகத்தில் நாற்பது ஐம்பது முறை ஓட்டி, வாயை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிறு பற்களாக உதிர்ந்திருந்தால் முன்னதைவிட 15 டிகிரி கூட்டி இன்னொரு முறை டெம்பர் செய்து மீண்டும் தீட்டலாம். வாய் உதிராமல் ஒரு பக்கமாக மடங்கியிருந்தால் பதம் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. அதை அடுப்பால் ஏற்ற முடியாது, உலையை மூட்டி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே முதல் டெம்பரிங்கை எப்போதும் குறைந்த சூட்டிலிருந்தே தொடங்குங்கள்.